விளையாட்டரங்கின் இடத்தெரிவும் கொள்ளளவும்: எவர்ட்டன் கால்பந்துக் கழகத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கால்பந்துக் கழகமொன்று புதிய விளையாட்டரங்கம் அமைக்க முற்படும்போது, எங்கு அமைப்பது, எத்தனை பேருக்கு அமைப்பது என்னும் இரு வினாக்கள் எழுகின்றன. தோற்றத்தில் இவை தனித்தனி வினாக்கள். செயலில் ஒன்றையொன்று தீர்மானிப்பவை. கொள்ளளவு என்பது இருக்கைகளின் தொகை அன்று. நுழைவு, இருப்பு, வெளியேற்றம், தேவை, போக்குவரத்து ஆகியவை தரும் எண்களுள் மிகச் சிறியதே உண்மையான கொள்ளளவாகும். இந்த எண்களுள் பலவற்றை இடமே வரையறுக்கிறது. இக்கருத்தினை இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த எவர்ட்டன் கழகத்தின் இடமாற்ற வரலாற்றைக் கொண்டும், வேறு சில கழகங்களின் பட்டறிவைக் கொண்டும் இக்கட்டுரை விளக்குகிறது.

கருச்சொற்கள்

விளையாட்டரங்கம், இடத்தெரிவு, கொள்ளளவு, நகரத் திட்டமிடல், எவர்ட்டன், கூடிசன் பார்க், பிராம்லி-மூர் கப்பல்துறை.

முன்னுரை

நகரின் பொதுக் கட்டடங்களுள் விளையாட்டரங்கம் தனித்தன்மை உடையது. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் அது வெறுமையாக இருக்கும். போட்டி நாளிலோ, ஒரு சிற்றூரின் மக்கள்தொகைக்கு இணையான கூட்டம் ஓரிரு மணி நேரத்தில் அங்குக் கூடி, ஆட்டம் முடிந்ததும் ஒரே நேரத்தில் வெளியேறும். மருத்துவமனைக்கோ அங்காடிக்கோ வருவோர் நாள் முழுதும் பரவி வருவர். அரங்கிற்கு வருவோர் அவ்வாறு பரவுவதில்லை. ஆகவே, அரங்கின் அளவை முடிவு செய்வது அதனைச் சூழ்ந்துள்ள தெருக்கள், தொடருந்து நிலையங்கள், குடியிருப்புகள் ஆகியவற்றின் மீதும் ஒரு முடிவைச் சுமத்துவதாகும்.

இம்முடிவு பிழைபடின் இழப்பு கழகத்தின் கணக்கேட்டோடு நின்றுவிடுவதில்லை. கழகங்கள் அழிந்துள்ளன, ஆதரவாளர் பல ஆண்டுகள் சொந்த ஊரில் ஆட்டம் காண இயலாது அலைந்துள்ளனர், சில இடங்களில் மனித உயிர்களும் பறிபோயின. 1878ஆம் ஆண்டு தோன்றிய எவர்ட்டன் கழகம், புதிய அரங்கிற்கு இடம் தேடி மூன்று முறை தோற்று, நான்காம் முறையில் வென்றது. அத்தேடல் இப்பொருளை விளக்குதற்கு ஏற்ற சான்றாகும்.

1. பழைய அரங்கும் அதன் எல்லையும்

எவர்ட்டன் கழகம் 1884 முதல் 1892 வரை ஆன்ஃபீல்ட் அரங்கில் ஆடிவந்தது. வாடகை தொடர்பாக ஜான் ஹோல்டிங்குடன் ஏற்பட்ட பிணக்கால் அங்கிருந்து வெளியேறி, ஸ்டான்லி பூங்காவின் மறுபுறத்தில் கூடிசன் பார்க் அரங்கை 1892ஆம் ஆண்டு அமைத்தது. காலியான ஆன்ஃபீல்டில் ஆடுவதற்கென அதே ஆண்டில் தோன்றியதே லிவர்பூல் கழகம். ஓர் இடத்தகராறே இரு கழகங்களுக்கு வழிவகுத்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

கூடிசன் பார்க் வால்ட்டன் பகுதியில், நெருங்கிய வீட்டு வரிசைகளுக்கிடையே அமைந்தது. அதன் ஒரு மூலையில் புனித லூக்கா தேவாலயம் நின்றது. அரங்கம் வளர்வதற்கு எப்பக்கமும் நிலமில்லை. 1948 செப்டம்பர் 18 அன்று லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தை 78,299 பேர் அங்குக் கண்டனர். அவருள் பெரும்பாலோர் நின்றவாறே கண்டவர். முழு இருக்கை முறை நடைமுறைக்கு வந்தபின் அவ்வரங்கின் கொள்ளளவு ஏறத்தாழ 39,000 அளவில் நின்றது. நிலம் மாறவில்லை, ஆனால் கொள்ளளவு பாதியாயிற்று. கூரையைத் தாங்கிய தூண்கள் பல இருக்கைகளிலிருந்து ஆடுகளத்தை மறைத்தன. இருக்கும் இடத்திலேயே விரிவாக்கம் செய்ய இயலாமையே கழகத்தைப் புதிய இடம் நோக்கிச் செலுத்தியது.

2. கொள்ளளவு: பல எண்களுள் சிறியது

முழு இருக்கை முறைக்குக் காரணமானது 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் நிகழ்ந்த பேரிடர். லிவர்பூல் கழகத்தின் ஆதரவாளர் 97 பேர் அதனால் உயிரிழந்தனர். அரங்கின் மொத்தக் கொள்ளளவு அன்று மீறப்படவில்லை. ஆனால் குறிப்பிட்ட சில அடைப்புகளுக்குள் அளவுக்கு மீறிய கூட்டம் சென்று சேர்ந்தது. பக்கத்து அடைப்புகளில் இடம் இருந்தது. லெப்பிங்ஸ் லேன் முனையில் நிற்குமிடத்திற்குச் சீட்டுப் பெற்ற 10,100 பேருக்கு 7 சுழல்வாயில்களே இருந்தன. ஒரு சுழல்வாயில் வழியே மணிக்கு 660 பேர் வரை நுழையலாம் என்பது இங்கிலாந்தில் இன்று வழங்கும் பாதுகாப்பு வழிகாட்டியின் உச்சவரம்பு. அக்கணக்கின்படி அனைவரும் உள்ளே செல்ல இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகும். நிற்பதற்கு இடம் இருந்தும் நுழைவதற்கு வழி போதவில்லை என்பதே இதன் பொருள்.

'பச்சை வழிகாட்டி' என வழங்கப்படும் அந்நூல், கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் 1971ஆம் ஆண்டு 66 பேர் இறந்ததன் விளைவாக 1973ஆம் ஆண்டு முதன்முதலில் வெளிவந்தது. கொள்ளளவு பற்றிய அதன் அடிப்படைக் கருத்து எளியது. நுழைவாயில்கள் ஒரு மணி நேரத்தில் ஏற்கும் எண்ணிக்கை, இருக்கைகளும் நிற்குமிடங்களும் பாதுகாப்பாகத் தாங்கும் எண்ணிக்கை, இயல்பான வெளியேற்றத்தில் குறித்த நேரத்திற்குள் வெளிச்செல்லக் கூடிய எண்ணிக்கை, நெருக்கடிக் காலத்தில் வெளியேற்றக் கூடிய எண்ணிக்கை ஆகியன தனித்தனியே கணக்கிடப்படும். அவற்றுள் மிகச் சிறியதே அரங்கின் கொள்ளளவாக ஏற்கப்படும்.

ஒரு கணக்கீட்டால் இதனைத் தெளிவுபடுத்தலாம். சமதளத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிடத்திற்கு 82 பேரும், படிக்கட்டில் 66 பேரும் செல்லலாம் என வழிகாட்டி கொள்கிறது. இயல்பான வெளியேற்றத்திற்கு உச்ச நேரம் 8 நிமிடம். 50,000 பேர் 8 நிமிடத்தில் வெளியேற வேண்டுமெனின் நிமிடத்திற்கு 6,250 பேர் செல்ல வேண்டும். அதற்குச் சமதள வழிகளின் மொத்த அகலம் ஏறத்தாழ 76 மீட்டரும், படிவழிகளாயின் ஏறத்தாழ 95 மீட்டரும் தேவைப்படும். இவ்வழிகள் திறந்துவிடும் தெருவும் அக்கூட்டத்தை ஏற்கும் அகலமுடையதாக இருத்தல் வேண்டும். குறுகிய தெருக்களால் சூழப்பட்ட நிலத்தில் எத்தனை அடுக்கு எழுப்பினும் இந்த எண்ணைக் கடக்க இயலாது. இடம் கொள்ளளவைத் தீர்மானிக்கும் முதல் வழி இதுவாகும்.

இரண்டாம் வழி காட்சி தொடர்பானது. ஆடுகளம் பொதுவாக 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. களத்தின் மிகத் தொலைவான மூலையிலிருந்து பார்வையாளர் 150 மீட்டருக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், 190 மீட்டரை மீறலாகாது என்றும் வடிவமைப்பாளர் கொள்வர். இருக்கை வரிசைகளைக் கூட்டுந்தோறும் ஒன்று தொலைவு மிகும். இன்றேல் சரிவு செங்குத்தாகும். சரிவிற்கும் ஏறத்தாழ 35 பாகை என்னும் வரம்பு உண்டு. ஆகவே ஒவ்வொரு மேலடுக்கும் கீழடுக்கைவிடச் செலவு மிக்கதாகவும், காட்சித் தரத்தில் குறைந்ததாகவும் அமைதல் இயல்பு.

3. தேவையை அளத்தல்

பாதுகாப்பு எண்கள் எத்தனை பேர் வரலாம் என்பதைக் கூறும். எத்தனை பேர் வருவர் என்பதைக் கூறா. பழைய வருகைப் பதிவேடும் இதற்கு முழுமையாக உதவுவதில்லை. அரங்கம் நிரம்பிவிடும்போது பதிவேடு காட்டுவது அரங்கின் அளவையே அன்றித் தேவையின் அளவை அன்று. 39,000 இருக்கைகள் நிரம்பிய அரங்கிற்கு வெளியே காத்திருந்தோர் ஆயிரவரா, இருபதாயிரவரா என்பதை அப்பதிவு உணர்த்தாது. பருவச்சீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல் ஒரு குறிப்பைத் தரும். எனினும் பெயர் பதிவோர் எல்லாரும் விலை கொடுத்து வாங்குவர் எனக் கொள்ள இயலாது.

லண்டனின் ஆர்சனல் கழகத்திற்கு இவ்வகையில் ஓர் அரிய வாய்ப்புக் கிட்டியது. அதன் ஹைபரி அரங்கில் 38,419 பேரே அமர இயலும். 1998, 1999ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியப் போட்டிகளை அக்கழகம் வெம்ப்ளி அரங்கில் ஆடியது. 1998 நவம்பர் 25 அன்று பிரான்சின் லான்ஸ் கழகத்திற்கு எதிரான ஆட்டத்தைக் காண 73,707 பேர் வந்தனர். மறைந்திருந்த தேவை இவ்வாறு வெளிப்பட்டது. எனினும் கழகம் அந்த எண்ணுக்கேற்ப அரங்கம் கட்டவில்லை. ஹைபரிக்கு மிக அண்மையில் ஆஷ்பர்ட்டன் குரோவ் என்னும் இடத்தைத் தேர்ந்து, ஏறத்தாழ 60,000 இருக்கைகளோடு 2006ஆம் ஆண்டு புதிய அரங்கைத் திறந்தது. சிறப்புப் போட்டியின் கூட்டம் வேறு, பருவம் முழுதும் நீடிக்கும் கூட்டம் வேறு என்னும் தெளிவு இதில் உண்டு.

தேவையைக் குறைத்து மதிப்பிடுவதைவிட மிகுத்து மதிப்பிடுவது ஆபத்தானது. இத்தாலியின் யுவென்டஸ் கழகம், 1990 உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்ட டெல்லே ஆல்பி அரங்கில் ஆடிவந்தது. ஏறத்தாழ 69,000 பேர் கொள்ளும் அவ்வரங்கில் ஓட்டப்பாதை களத்தையும் பார்வையாளரையும் பிரித்தது. பல போட்டிகளில் இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. அதனை இடித்து, அதே நிலத்தில் ஏறத்தாழ 41,000 இருக்கைகள் கொண்ட அரங்கை அக்கழகம் 2011ஆம் ஆண்டு திறந்தது. பெரிய அரங்கைச் சிறியதாக்குதலும் ஒரு வளர்ச்சியே என்பதற்கு இது சான்று.

வடகிழக்கு இங்கிலாந்தின் டார்லிங்டன் கழகம் தவறிய பாதைக்குச் சான்று. கீழ்நிலைக் குழுமத்தில் ஆடிய அக்கழகம் 2003ஆம் ஆண்டு ஃபீதம்ஸ் என்னும் பழைய களத்தை விட்டு, நகர எல்லையோரத்தில் 25,000 இருக்கைகள் கொண்ட அரங்கிற்குச் சென்றது. திட்ட அனுமதியின் நிபந்தனைகளால் 10,000 பேருக்கு மேல் அங்குக் கூட இயலாதிருந்தது. இயல்பாக வந்தோர் தொகை அதனினும் மிகக் குறைவு. அதே ஆண்டின் இறுதியில் கழகம் நிதி நெருக்கடி நிருவாகத்தின் கீழ் வந்தது. 2012ஆம் ஆண்டு அரங்கை விட்டு வெளியேறிப் புதுப்பெயரில் மறுபிறவி எடுக்க நேர்ந்தது. அவ்வரங்கில் இருக்கை எண் 25,000, அனுமதி எண் 10,000, தேவை எண் சில ஆயிரம். மூன்றனுள் சிறியதே கழகத்தின் விதியை எழுதியது.

4. எவர்ட்டனின் நான்கு இடங்கள்

இப்பின்னணியில் எவர்ட்டனின் தேடலைக் காணலாம். முதல் இடம், நகர மையத்தில் ஆற்றங்கரையில் அமைந்த கிங்ஸ் கப்பல்துறை. ஏறத்தாழ 55,000 பேருக்கான அரங்கம் அங்குத் திட்டமிடப்பட்டது. இடம், போக்குவரத்து, நகரத்தின் விருப்பம் ஆகிய மூன்றும் பொருந்தின. ஆனால் கழகம் தன் பங்கான நிதியைத் திரட்ட இயலாமையால் 2003ஆம் ஆண்டு திட்டம் கைவிடப்பட்டது. அந்நிலத்தில் பின்னர் மாநாட்டு மையமும் உள்ளரங்கமும் எழுந்தன.

இரண்டாம் இடம் கிர்க்பி. இது லிவர்பூல் நகர எல்லைக்கு வெளியே, நோஸ்லி மன்றத்தின் ஆட்சிப் பகுதியில் உள்ளது. டெஸ்கோ நிறுவனத்தின் பேரங்காடியோடு இணைந்து 50,000 இருக்கை அரங்கம் அமைப்பது திட்டம். அங்காடியின் வருவாய் அரங்கின் செலவைத் தாங்குவது இதன் உட்கருத்து. 2007ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் ஆதரவாளருள் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர் இசைந்தனர். எஞ்சியோர் நகரை விட்டு நீங்குதலைக் கடுமையாக எதிர்த்தனர். பொது விசாரணைக்குப் பின் 2009 நவம்பரில் நடுவண் அரசு அனுமதி மறுத்தது. அத்துணைப் பெரிய அங்காடி அண்டை ஊர்களின் வணிக மையங்களைப் பாதிக்கும் என்பது முதன்மைக் காரணம். அரங்கின் கொள்ளளவு பிழையன்று. அதற்குப் பணம் தர இணைக்கப்பட்ட கட்டடமே இடத்திற்குப் பொருந்தவில்லை.

மூன்றாம் இடம் வால்ட்டன் ஹால் பூங்கா. கூடிசனுக்கு அருகிலுள்ள இப்பூங்காவில் அரங்கம் அமைக்கும் எண்ணம் 2014ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. பசுமைவெளியை இழக்க விரும்பாத மக்களின் எதிர்ப்பு ஒருபுறமும் நிதித் தடை மறுபுறமும் நிற்க, 2016ஆம் ஆண்டு இது கைவிடப்பட்டது. ஆதரவாளரின் பற்றுக்கு மிக அண்மையான இடம், அயலாரின் உரிமைக்கு மிக முரணானதாயிற்று.

நான்காவதாக அமைந்ததே பிராம்லி-மூர் கப்பல்துறை. 1848ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இத்துறை, பொறியாளர் ஜெஸ்ஸி ஹார்ட்லியின் வடிவமைப்பில் மெர்சி ஆற்றங்கரையில் எழுந்தது. நகர எல்லைக்குள் இருந்தது. குடியிருப்புகள் இடிபடத் தேவையில்லை. சாண்ட்ஹில்ஸ் தொடருந்து நிலையம் நடைத் தொலைவில் இருந்தது. திட்டமிட்ட கொள்ளளவு 52,888. வீட்டு ஆதரவாளருக்கெனத் தென்புறத்தில் ஒரே சரிவாக ஏறத்தாழ 13,000 பேர் கொள்ளும் மாடம் அமைந்தது. கூடிசனைவிட ஏறத்தாழ 13,000 இருக்கைகளே கூடுதல் என்பது நோக்கத்தக்கது. 1948இன் 78,299 என்னும் பெருமித எண் கணக்கில் கொள்ளப்படவில்லை. நிரம்பக் கூடிய எண்ணே கொள்ளப்பட்டது.

5. போக்குவரத்து என்னும் மறைமுக எண்

அரங்கத்திலிருந்து எட்டு நிமிடத்தில் வெளியேறும் கூட்டம் நகரத்திலிருந்து எத்துணை நேரத்தில் கலையும் என்பது பச்சை வழிகாட்டியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. திட்ட அனுமதி வழங்கும் மன்றமே அதனை ஆராயும். இதனை முறையாகத் தீர்த்த கழகமாகப் பிரைட்டனைக் கூறலாம்.

பிரைட்டன் கழகத்தின் கோல்ட்ஸ்டோன் களம், மாற்றிடம் உறுதியாகும் முன்னரே விற்கப்பட்டது. 1997ஆம் ஆண்டு அக்களத்தை இழந்த கழகம், இரு பருவங்கள் ஏறத்தாழ 70 மைல் தொலைவிலுள்ள ஜில்லிங்கமிலும், 1999 முதல் 2011 வரை வித்தீன் என்னும் தடகளத் திடலிலும் ஆடியது. ஃபால்மரில் அரங்கம் அமைக்க நெடிய சட்டப் போராட்டம் நடந்தது. ஃபால்மர் தொடருந்து நிலையம் அரங்கின் அருகிலேயே உள்ளது. ஆட்டச் சீட்டுடனேயே பேருந்து, தொடருந்துப் பயணமும் இணைத்து வழங்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு ஏறத்தாழ 22,500 இருக்கைகளோடு திறக்கப்பட்ட அரங்கம், தேவை மெய்ப்பட்டபின் 30,000க்கும் மேலாக விரிவாக்கப்பட்டது. விரிவாக்கத்திற்கு இடம் விட்டுச் சிறிதாகத் தொடங்குதல் டார்லிங்டன் செய்ததற்கு நேர்மாறானது.

6. இடத்தின் விலை

பிராம்லி-மூர் துறையில் வீடுகள் இல்லை. ஆனால் வரலாறு இருந்தது. லிவர்பூலின் கடல்வணிகத் துறைமுகப் பகுதி 2004ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 2012ஆம் ஆண்டு ஆபத்திலுள்ள மரபுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் நகர மன்றம் அரங்கிற்கு அனுமதி அளித்தது. அதே ஆண்டு ஜூலை 21 அன்று லிவர்பூல் உலக மரபுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 'லிவர்பூல் வாட்டர்ஸ்' என்னும் பெரும் கட்டுமானத் திட்டமும், இவ்வரங்கமும் அதற்குச் சுட்டப்பட்ட காரணங்களுள் அடங்கும். அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட மூன்றாவது இடம் லிவர்பூல்.

துறையின் நீர்ப்பரப்பு கடலிலிருந்து எடுத்த மணலால் நிரப்பப்பட்டது. பழைய துறைச்சுவர்கள் மண்ணுள் காக்கப்பட்டன; நீரியல் விசைக் கோபுரம் நிலைநிறுத்தப்பட்டது. பயனற்றுக் கிடந்த துறைக்கு உயிரூட்டியது எனச் சிலரும், நீர் நீங்கிய துறை துறையாகாது எனச் சிலரும் வாதிட்டனர். இரு வாதங்களும் புறக்கணிக்கத்தக்கன அல்ல.

இங்கு அண்டைக் கழகமான லிவர்பூலையும் ஒப்புநோக்க வேண்டும். ஸ்டான்லி பூங்காவில் புதிய அரங்கம் அமைக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, ஆன்ஃபீல்டையே விரிவாக்க அக்கழகம் துணிந்தது. 2016ஆம் ஆண்டு முதன்மை மாடமும், பின்னர் ஆன்ஃபீல்ட் சாலை மாடமும் விரிவடைந்து கொள்ளளவு ஏறத்தாழ 61,000 ஆயிற்று. அதற்காக அரங்கைச் சூழ்ந்த வீடுகள் பல வாங்கப்பட்டு இடிக்கப்பட்டன. ஒரு கழகம் மரபுச் சின்னத்தின் மீதும், மற்றொன்று குடியிருப்பின் மீதும் தன் கூடுதல் இருக்கைகளை எழுப்பின. விலையில்லாத இடம் நகரத்தினுள் இல்லை. அவ்விலையை யார் செலுத்துகிறார் என்பதே வினா.

7. பெறப்படும் கருத்துகள்

1. கொள்ளளவை முன்னரே முடிவு செய்து அதற்கேற்ற நிலம் தேடுதலும், கிடைத்த நிலத்தில் இயன்றவரை இருக்கை எழுப்புதலும் ஒருசேரப் பிழையானவை. ஒவ்வோர் இடத்திற்கும் நுழைவு, இருப்பு, வெளியேற்றம், தேவை, போக்குவரத்து எண்களைத் தனித்தனியே கணித்து, அவற்றுள் சிறியதைக் கொண்டே இடங்களை ஒப்பிடுதல் தகும்.

2. நிரம்பும் அரங்கின் வருகைப் பதிவு தேவையின் கீழ்வரம்பை மட்டுமே காட்டும். மேல்வரம்பிற்கு வேறு சான்று வேண்டும்.

3. தேவை ஐயத்திற்குரியதாயின், பின்னர் விரிக்கத்தக்க சிறிய அரங்கமே ஏற்றது. கட்டப்பட்ட இருக்கையைக் குறைப்பதற்கு இடிப்பதன்றி வேறு வழியில்லை.

4. மாற்றிடம் உறுதியாகாமல் பழைய களத்தை விற்றல் கழகத்தையே வீடற்றதாக்கும்.

5. நிதிக்காக இணைக்கப்படும் வணிகக் கட்டடமும் இடத்தெரிவின் ஒரு பகுதியாகவே மதிப்பிடப்படும்.

முடிவுரை

2025 மே 18 அன்று எவர்ட்டன் ஆடவர் அணி கூடிசன் பார்க்கில் தன் இறுதி ஆட்டத்தை ஆடியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று புதிய அரங்கில் முதல் குழுமப் போட்டி நடைபெற்றது. கூடிசன் இடிக்கப்படாமல் மகளிர் அணியின் களமாயிற்று. ஆடவர் அணிக்குப் போதாத அதே நிலமும் அதே தெருக்களும் மற்றோர் அணிக்கு ஏற்றனவாயின. ஓர் அரங்கம் சிறியது, பெரியது என்பது அதன் சுவர்களால் அறியப்படுவதன்று. அதனுள் யார், எத்தனை பேர், எவ்வழியே வந்து செல்கின்றனர் என்பதனால் அறியப்படுவது.

இடத்தெரிவையும் கொள்ளளவையும் ஒரே வினாவாகக் காணும் இப்பார்வை கால்பந்திற்கு மட்டும் உரியதன்று. குறுகிய நேரத்தில் பெருங்கூட்டம் கூடிக் கலையும் எப்பொது இடத்திற்கும் அது பொருந்தும். அத்தகைய இடங்களைத் திட்டமிடுவோர் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை பேர் அமரலாம் என்பதன்று. எத்தனை பேர் பாதுகாப்பாக வீடு திரும்பலாம் என்பதே.